உணவு ஆலைக்கு எந்த கன்வேயர் பெல்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு நேரடியாகப் படுகிற பெல்ட்களைப் பற்றி மட்டும்தான் இந்தப் பக்கம். மூடிய அட்டைப்பெட்டிகள் ஓடும் பெல்ட்டுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்.

பெல்ட் வாங்கப் போகிறோம். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

"என்ன உணவு ஓடுகிறது?" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதிக் கேள்விதான். ஷிப்ட் முடிந்ததும் அந்த பெல்ட்டின் மேல் எதை ஊற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குளிர வைத்த கோழி இறைச்சி போகும் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க நாலைந்து டிகிரியில் சுகமாக ஓடுகிற பெல்ட் அது. இரவில் அதன் மேல் 60 டிகிரி வெந்நீர், குளோரின் கலந்த கார நுரை, மறுபடி தண்ணீர், கடைசியில் கிருமிநாசினி. வாரம் ஒருமுறை அமிலக் கழுவலும் உண்டு. நாள் முழுக்க இறைச்சி செய்யாத சேதத்தை அந்த இரண்டு மணி நேரம் செய்துவிடும்.

அதனால் சப்ளையரைக் கூப்பிடும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: உணவு பெல்ட்டில் ஏறும்போது எத்தனை டிகிரி, இறங்கும்போது எத்தனை, எண்ணெயா, கொழுப்பா, புளிப்பா, உப்பா, எலும்பு, உறைந்த துண்டு மாதிரி கூரான எதுவும் உண்டா, கழுவும் தண்ணீரின் சூடு, ரசாயனத்தின் பெயர், எத்தனை சதவீதக் கரைசல், எத்தனை நிமிடம் ஊறுகிறது, லைனில் இருக்கும் உருளைகளிலேயே சிறியதன் விட்டம், வளைவு, ஏற்றம், மெட்டல் டிடெக்டர் ஏதும் வழியில் இருக்கிறதா. இந்தத் தாள் கையில் இருந்தால் பாதிப் பொருட்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். கழுவும் விவரம் கொள்முதல் பிரிவுக்குத் தெரியாது, இரவு ஷிப்டில் கழுவுகிறவரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். கரைசலை அளந்து ஊற்றுகிறாரா, கண்பார்வைக்கு ஊற்றுகிறாரா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சந்தையில் என்னென்ன வகை கிடைக்கிறது?

சமதளமாக, ஒரே தாளாக ஓடுபவை ஒரு பக்கம்: பிவிசி, பாலியூரிதேன் (பியூ என்று சுருக்கமாகச் சொல்வார்கள்), சிலிக்கோன், பிடிஎஃப்இ (ஒட்டாத சட்டியில் பூசும் டெஃப்லான்) பூசிய கண்ணாடி இழைத் துணி, ரப்பர், பருத்தி அல்லது பாலியஸ்டர் நெசவு. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கம்பியால் கோத்த மாடுலர் பெல்ட்கள் இன்னொரு பக்கம்: பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், அசிடால். மூன்றாவது எஃகு: கம்பிப் பின்னல் பெல்ட், முழு எஃகுத் தகடு.

பிவிசி விலை குறைவு. எல்லா இடத்திலும் அதையே போட்டால் என்ன?

காய்ந்த, எண்ணெய் இல்லாத, சூடு இல்லாத இடம் என்றால் தாராளமாகப் போடுங்கள். கழுவாத தானியங்கள், பிரிக்காத காய்கறிகள், பேக்கிங் பகுதி ஆகியவற்றுக்கு அது போதும். பணத்தை மிச்சப்படுத்தி வேறு இடத்தில் போடலாம்.

கொழுப்பு வரும் இடத்தில்தான் வம்பு. பிவிசி இயற்கையில் விறைப்பான பிளாஸ்டிக். அதை வளையவைக்க பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். உணவிலுள்ள கொழுப்பு பட்டுக்கொண்டே இருந்தால் அந்த பிளாஸ்டிசைசர் மெல்ல மெல்ல வெளியே இழுக்கப்படும். பெல்ட் விறைக்கும், சுருங்கும், உருளையில் வளையும் இடத்தில் வெடிக்கும். வெளியே போனது எங்கே போனது என்று யோசித்தால் இரண்டாவது சிக்கல் புரியும்: உணவுக்குள்தான் போயிருக்கிறது.

கொழுப்புள்ள லைனில் ஓடிய பழைய பிவிசி பெல்ட் கிடைத்தால் அதன் ஓரத்தைக் கட்டைவிரலின் மேல் வைத்து மடக்கிப் பாருங்கள். புது பெல்ட் பேசாமல் மடங்கும். பழையதில் மடிப்பின் மேல் மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் எழும், நகத்தால் கீறினால் மேல்தோல் சில்லாக உதிரும். அந்தச் சில்லுகள் லைன் ஓடும்போது எங்கே விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெப்பநிலையில் தோராயமாக மைனஸ் 10 முதல் 60, 70 டிகிரி வரைதான் அதன் எல்லை. வெந்நீரில் கழுவும் இடங்களில் அந்த மேல் எல்லையை ஒவ்வொரு இரவும் தொட்டுவிடுவீர்கள்.

அப்படியானால் பாலியூரிதேன்தான் விடையா?

இறைச்சி, மீன், பால் பொருட்கள், மாவுப் பண்டங்கள், இனிப்புகள் என்று பல இடங்களில் ஆமாம். எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் அசையாது, தேய்மானம் குறைவு, வளைவதற்காகத் தனியாக பிளாஸ்டிசைசர் தேவையில்லை. தோராயமாக மைனஸ் 20, 30 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை தாங்கும்.

ஆனால் பியூ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், அதில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. பாலியஸ்டர் அடிப்படையிலானது தேய்மானத்துக்கும் எண்ணெய்க்கும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் சூடான தண்ணீர், ஈரம், வலுவான அமிலம், காரம் ஆகியவை அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பாலிஈதர் அடிப்படையிலானது இந்த விஷயத்தில் பல மடங்கு உறுதி. பூஞ்சை, நுண்ணுயிர்த் தாக்குதலையும் நன்றாகத் தாங்கும், குளிரிலும் அவ்வளவாக விறைக்காது. தினமும் வெந்நீரில் கழுவும் லைனுக்கு ஈதர் வகை. காய்ந்த பிஸ்கட் லைனுக்கு எஸ்டர் வகை போதும். டேட்டா ஷீட்டில் இது பெரும்பாலும் வெளிப்படையாக எழுதியிருக்காது, வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

நீராற்பகுப்பு ஆன பெல்ட்டைத் தொட்டாலே தெரியும். மேற்பரப்பு பிசுபிசுக்கும், அப்புறம் விரிசல் விடும். "புது பெல்ட், ஆறு மாதத்தில் ஒட்டுகிறது, சப்ளையர் ஏமாற்றிவிட்டார்" என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இந்த எஸ்டர், ஈதர் குழப்பம்தான்.

உள்ளே துணி வைத்த பெல்ட்டா, துணியே இல்லாத பெல்ட்டா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இங்கேதான் சேர்கிறது.

வழக்கமான பிவிசி, பியூ பெல்ட்களில் நடுவே ஒன்றோ இரண்டோ அடுக்கு பாலியஸ்டர் துணி இருக்கும். இழுவிசையைத் தாங்குவது அதுதான். மேலே பூச்சு, கீழே வெறும் துணியோ மெல்லிய பூச்சோ. பெல்ட்டைத் தேவையான அகலத்துக்கு வெட்டும்போது இருபுறமும் துணியின் நூல் முனைகள் வெளியே தெரியும். விளக்குத்திரி எண்ணெய் உறிஞ்சுவதைப் போல அந்த நூல்கள் இறைச்சிச் சாறு, பால், சர்க்கரைப் பாகு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதைக் கழுவ எந்த நுரையாலும் முடியாது. கழற்றிப்போட்ட பெல்ட்டைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஓரத்திலிருந்து உள்ளே பழுப்பு நிறம் ஓடியிருக்கும். மேல்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கிருமிச் சோதனை (ஸ்வாப்) எடுத்தால் சுத்தம் என்று வரும், மறுநாள் கிருமி எண்ணிக்கை மறுபடி ஏறும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஓரங்களை அதே பிளாஸ்டிக்கால் அடைத்து மூடிய பெல்ட் வாங்குவது. கூடுதல் செலவுதான், ஆனால் ஈரமான லைனில் அது இல்லாமல் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. ஓரம் உரசிப் பிரிந்தால் மூடியதும் திறந்துவிடும் என்பதால் பெல்ட் நேராக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது, துணியே இல்லாத ஒரே வார்ப்பு பியூ பெல்ட். அடியில் பற்கள் இருக்கும், பல்சக்கரம் நேரடியாக இழுக்கும். வெட்டினாலும் கிழிந்தாலும் உள்ளே ஒளிந்துகொள்ள இடமில்லை. இறைச்சி, மீன், சமைத்து உடனே சாப்பிடும் உணவுகள் போன்றவற்றுக்கு இதை விடச் சுலபமாகக் கழுவ முடிகிற பெல்ட் வேறு இல்லை. லிஸ்டீரியா மாதிரி குளிர்பதன வெப்பநிலையிலும் வளரும் கிருமியைப் பற்றிக் கவலைப்படும் இடங்களில் இதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. குறை என்னவென்றால், அதிக இழுவிசையில் நீளும். மிக நீண்ட லைன்களுக்கும் கனத்த சுமைக்கும் துணியோ இழைக்கயிறோ உள்ளே வைத்ததைத்தான் தேட வேண்டியிருக்கும்.

மாடுலர் பெல்ட்டில் மூன்று பிளாஸ்டிக் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

வெப்பநிலைதான் முதல் சல்லடை.

பாலிப்ரொப்பிலீன் எங்கும் போடும் பொதுவான பொருள். அமிலம், காரம் இரண்டையும் நன்றாகத் தாங்கும், கொதிநீரையும் தாங்கும். 104 டிகிரி வரை உற்பத்தியாளர்கள் சொல்வார்கள். ஆனால் குளிரில் நொறுங்கும். பூஜ்ஜியத்தை நெருங்கினாலே அடி பட்டால் உடையும். உறைபதன அறையில் இதைப் போட்டு, உடைந்த முனைகளை உணவில் தேடுவது நடக்கிற கதைதான்.

பாலிஎத்திலீன் நேர் எதிர். மைனஸ் 70 வரை வளைந்து கொடுக்கும், ஆனால் 65 டிகிரிக்கு மேல் மென்மையாகிவிடும், வலுவும் குறைவு. உறைந்த பொருட்களுக்கு நல்லது. அதே லைனை 80 டிகிரி வெந்நீரில் கழுவுவீர்கள் என்றால் நல்லதல்ல. உணவுக்குப் பொருந்தி, கழுவலுக்குப் பொருந்தாத பெல்ட்டுக்கு இது நல்ல உதாரணம்.

அசிடால் மூன்றிலும் வலுவானது, வழவழப்பானது, வெட்டும் கத்தியையும் அடியையும் தாங்கும். மைனஸ் 45 முதல் 93 டிகிரி வரை எல்லை. இறைச்சி வெட்டும் மேசை, பாட்டில் லைன் எல்லாம் இதற்குப் பொருத்தமான இடங்கள். பலவீனம் குளோரினும் வலுவான அமிலமும். அடர் குளோரின் கரைசலை ஊற்றிவிட்டு அலசாமல் போனால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துப் பொடியும்.

அசிடால் தீப்பிடிக்கும் என்கிறார்களே?

பிடிக்கும். பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் எரியும், ஆனால் அசிடால் எரியும்போது சுடர் மங்கலான நீலம். வெளிச்சமான இடத்தில் கண்ணுக்கே தெரியாது, புகையும் அதிகம் வராது. வெளியேறுவது ஃபார்மால்டிஹைடு. அதனால் அடுப்பு வாய், ஷ்ரிங்க் டனல் (பிளாஸ்டிக் உறையைச் சூட்டில் சுருக்கும் கூண்டு), தீச்சுடரில் வாட்டும் இடம் ஆகியவற்றின் அருகே அசிடால் வேண்டாம். மெயின்டனன்ஸ் ஆட்கள் பக்கத்தில் வெல்டிங் செய்தால் பெல்ட்டைக் கழற்றி வைப்பதோ மூடுவதோ கட்டாயம்.

நைலான்?

காய்ந்த, உராய்வு அதிகமான இடத்துக்கு மட்டும். தண்ணீரை உறிஞ்சி உப்பும், ஈரமான லைனில் அகலம் கூடிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

மாடுலரைக் கழுவுவது கஷ்டம் என்கிறார்களே, உண்மையா?

கீல் வடிவத்தைப் பொறுத்தது. பழைய லைன் ஒன்றில் கோக்கும் கம்பியை உருவி, இரண்டு துண்டுகளைப் பிரித்துக் கீலின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். கொழுப்பும் புரதமும் பிளாஸ்டிக் தூளும் சேர்ந்த கலவை அது. இப்போது வரும் வடிவங்களில் பெல்ட் பல்சக்கரத்தில் திரும்பும்போது கீல் விரிந்து உள்ளே தண்ணீர் போகும் மாதிரி செய்கிறார்கள். அதனால் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரும்பும் முனையில் உட்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். நிறுத்தி வைத்து மேலிருந்து மட்டும் அடித்தால் எந்த வடிவமும் உதவாது. மாடுலரின் பெரிய வரம், ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் கால் மணியில் மாற்றிவிட்டு லைனை ஓட்டலாம்.

ஓவன், ஃப்ரையர், வாட்டும் கருவி: இங்கே என்ன?

நூறு டிகிரியைத் தாண்டினால் மேலே சொன்ன பெரும்பாலானவை வெளியே. மிஞ்சுவது மூன்று.

பிடிஎஃப்இ பூசிய கண்ணாடி இழைத் துணி 260 டிகிரி வரை ஓடும். எதுவும் ஒட்டாது. ஆனால் மடிந்தால் போச்சு, கண்ணாடி இழை உடைந்த கோடு அழியாது. ஓரத்தில் இழை பிரிந்தால் அது கண்ணாடி நூல் என்பதை மறக்கக் கூடாது, உணவில் விழக்கூடிய பொருள். ஓரத்துக்குக் கூடுதல் பட்டை வைத்து வாங்குங்கள். இன்னொன்று: பிடிஎஃப்இ, பிஎஃப்ஏஎஸ் என்னும் ஃபுளோரின் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தையே கட்டுப்படுத்தும் முன்மொழிவு ஐரோப்பாவில் 2023 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. ஏற்றுமதி செய்கிறவர்கள் இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிலிக்கோன் 200 டிகிரி வரையிலும் சரி, கடுங்குளிரிலும் சரி, மென்மையாகவே இருக்கும். ஒட்டும் பாகு, கேரமல் போன்றவற்றுக்கு அருமை. கூரான எதுவும் பட்டால் கிழிந்துவிடும், அவ்வளவுதான் அதன் குறை. ஆனால் சின்னக் குறை அல்ல.

அதற்கும் மேலே எஃகு. எண்ணெயில் முழுகும் ஃப்ரையருக்கு வேறு வழியே இல்லை.

எஃகு என்றால் 304 போதுமா, 316 வேண்டுமா?

இரண்டும் துருப்பிடிக்காத எஃகு என்றுதான் பெயர். 316இல் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கூடுதலாக இருக்கிறது. உப்பிலும் குளோரினிலும் இருக்கும் குளோரைடு எஃகின் மேலுள்ள மெல்லிய பாதுகாப்புப் படலத்தைத் துளைக்கும்; ஊசி குத்தியதைப் போலச் சின்னக் குழிகள் விழும். மாலிப்டினம் அதைத் தடுக்க உதவுகிறது. அடுப்பு, காய்ந்த பொருள், நல்ல தண்ணீர் என்றால் 304 போதும். உப்புநீர், ஊறுகாய், கடல் மீன், தினசரி குளோரின் என்றால் 316. ஆனால் 316 போட்டுவிட்டோம் என்று குளோரினை இரவு முழுக்க அலசாமல் விட்டால் அதுவும் குழி விழும். கம்பிப் பின்னலில் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் இடுக்குகளில்தான் முதலில் தொடங்கும்.

உறைபதனத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

குளிரில் எல்லாப் பிளாஸ்டிக்கும் விறைக்கும். எனவே டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச உருளை விட்டம் சாதாரண அறை வெப்பத்துக்கானது. மைனஸ் 20இல் அதே பெல்ட்டுக்குப் பெரிய உருளை வேண்டும். சுருளாக ஏறும் உறைபதனக் கருவிகளில் எஃகும் ஓடுகிறது, அசிடாலும் ஓடுகிறது. அந்தத் தேர்வைக் கருவி செய்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

சூட்டில் பெல்ட் எவ்வளவு நீளும்?

நினைப்பதை விட அதிகம். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு பாலிஎத்திலீன் சுமார் 0.2 மில்லிமீட்டர் நீளும். பாலிப்ரொப்பிலீன் 0.12 முதல் 0.15 வரை, அசிடால் 0.09 சுமார். எஃகு 0.02க்கும் கீழே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டர் அகல பாலிஎத்திலீன் பெல்ட் 20 டிகிரியிலிருந்து மைனஸ் 30க்குப் போனால் அகலத்தில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் சுருங்கும். அதே அளவு பாலிப்ரொப்பிலீன் 90 டிகிரி தண்ணீரில் ஏறத்தாழ அதே ஒரு சென்டிமீட்டர் விரியும். சட்டம் எஃகு, அது அவ்வளவு நகராது. பக்கத்தில் இடைவெளி விடவில்லை என்றால் பெல்ட் நடுவில் மேலே புடைக்கும். நீளவாட்டில் இதே கணக்கு மீட்டர்களால் பெருகும், அதனால்தான் திரும்பும் பக்கத்தில் பெல்ட் தொங்குவதற்கு இடம் விடுகிறார்கள். இந்தத் தொங்கலைப் பார்த்து "லூசாக இருக்கிறது" என்று துண்டுகளைக் கழற்றிவிடும் ஆர்வக்கோளாறு பல இடங்களில் உண்டு.

'ஃபுட் கிரேட்' என்று எழுதியிருந்தால் போதாதா?

போதாது. அந்த இரண்டு சொல் மட்டும் எதையும் நிரூபித்துவிடாது. எந்த விதியின் கீழ், எந்த உணவுக்கு, எவ்வளவு வெப்பத்தில் என்று எழுதிய இணக்கச் சான்று வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவைத் தொடும் எல்லாப் பொருட்களுக்கும் பொதுவான சட்டம் 1935/2004. பிளாஸ்டிக்குக்கு 10/2011. உற்பத்தி முறைக்கு 2023/2006. இது எண்தான், ஆண்டு 2006. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்கு இறங்கும் மொத்தப் பொருளுக்கு உச்சவரம்பு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம். சோதனையில் உணவுக்குப் பதிலாக 3 சதவீத அசிட்டிக் அமிலம், 10 சதவீத எத்தனால், தாவர எண்ணெய் போன்ற மாதிரித் திரவங்களைப் பயன்படுத்துவார்கள். சான்றில் தாவர எண்ணெய் சோதனையோ அதற்கு ஈடான கொழுப்புச் சோதனையோ இல்லையென்றால் கொழுப்புள்ள உணவுக்கு அந்தத் தாள் உதவாது. ரப்பரும் சிலிக்கோனும் 10/2011க்குள் வராது. சிலிக்கோன் பெல்ட்டுக்கு அந்த எண்ணைப் போட்டுச் சான்று வந்தால் கொடுத்தவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம்.

அமெரிக்காவில் மறுபடி மறுபடி பயன்படுத்தும் ரப்பர் பொருட்களுக்கு 21 சிஎஃப்ஆர் (கூட்டாட்சி விதித்தொகுப்பு) 177.2600 என்ற பிரிவு. பெல்ட் சான்றுகளில் அடிக்கடி தட்டுப்படும் எண் இது. அதற்குள்ளேயே இரண்டு சோதனைகள் இருக்கின்றன. நீர்ச்சத்துள்ள உணவுக்கு: கொதிக்கும் தண்ணீரில் முதல் 7 மணி நேரத்தில் சதுர அங்குலத்துக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கரையக் கூடாது, அடுத்த 2 மணி நேரத்தில் 1 மில்லிகிராம். கொழுப்பு உணவுக்கு: தண்ணீருக்குப் பதில் ஹெக்சேன், வரம்பு 175, பிறகு 4. முதலாவதில் மட்டும் தேறிய பெல்ட்டும் "177.2600க்கு உட்பட்டது" என்றுதான் எழுதப்படும். அந்தப் பெல்ட்டைச் சீஸ் லைனில் போட்டால் தாள் இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

பெல்ட் ஏன் நீலமாக இருக்கிறது?

நீல நிற உணவு அபூர்வம், அதனால் உதிர்ந்த துண்டு கண்ணில் படும். வேறு காரணம் பெரிதாக இல்லை. ஒவ்வாமை தரும் பொருள் ஓடும் லைனுக்கு வேறு நிறம் வைத்துக்கொண்டால், பெல்ட்கள் மாறிப் போகாமல் இருக்கும்.

மெட்டல் டிடெக்டரில் பிடிபடும் பெல்ட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பார்த்து. பிளாஸ்டிக்கில் உலோகப் பொடி கலந்திருப்பதால், உடைந்த துண்டு உணவோடு போனால் டிடெக்டர் கண்டுபிடித்துவிடும். இதே பெல்ட்டை டிடெக்டரின் உள்ளேயே ஓடவிட்டால்? நிற்காமல் அலறும். டிடெக்டருக்கு முன்னால் இருக்கும் லைன்களில் இந்த பெல்ட், டிடெக்டருக்குள் உலோகம் கலக்காத பெல்ட். கரி கலந்த ஆன்டிஸ்டாடிக் (நிலைமின்சாரம் சேரவிடாத) அடுக்கு, தடிப்பான ஜாயின்ட் இவைகூட அங்கே பொய் அலாரம் கொடுக்கும் என்பதால், டிடெக்டருக்கான பெல்ட் என்று தனியாகச் சொல்லி வாங்க வேண்டும். உலோகப் பொடி கலந்தால் பிளாஸ்டிக்கின் அடி தாங்கும் வலு குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உடைந்ததைப் பிடிப்பதற்காக, எளிதில் உடைவதை வாங்கிய கதை ஆகிவிடக் கூடாது. பிடிபடும் அளவையும் உங்கள் டிடெக்டரில், உங்கள் உணவோடு வைத்துச் சோதித்தால்தான் நம்பலாம். உப்பும் ஈரமும் உள்ள உணவு டிடெக்டரின் கூர்மையைக் குறைக்கும்.

மாவு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

வழவழப்பான பெல்ட்டில் ஒட்டாது என்று நினைப்பது இயல்பு. ஈரமான பிசைந்த மாவுக்கு அது பலிக்காது. பளபளப்பான பரப்பில் மாவு முழுதாகப் படிந்து உறிஞ்சிப் பிடிக்கும். மங்கலான, சொரசொரப்பான பரப்பிலோ நெசவுத் துணியிலோ தொடும் இடம் குறைவு, இடையில் காற்று இருக்கும், சுலபமாக விட்டு வரும். பிஸ்கட் அச்சுகளில் பருத்தி பெல்ட் இன்னும் ஓடுவது அதனால்தான். ஆனால் அது உறிஞ்சும், நனைத்துக் கழுவும் இடத்துக்கு ஆகாது. பாகு, சாக்லேட் போன்றவை குளிர்ந்து இறுகும் லைனில் மட்டும் நிலைமை தலைகீழ்: அங்கே பளபளப்பே வேண்டும், பண்டத்தின் அடிப்பக்கமும் பளபளப்பாக வரும்.

பொடி லைனில் ஷாக் அடிக்கிறது.

அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். கோதுமை மாவு, சர்க்கரை, மாச்சத்து, பால் பொடி எல்லாமே காற்றில் தூசாகக் கலந்தால் வெடிக்கக் கூடியவை. ஆன்டிஸ்டாடிக் பெல்ட்டோடு, உருளைகளும் சட்டமும் பூமியோடு இணைந்திருக்க வேண்டும். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு எர்த்திங்கை விட்டால் பயனில்லை.

கிருமிநாசினி கலந்த பெல்ட் என்று விற்கிறார்களே?

நான் அதற்குக் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன். மேலே கொழுப்புப் படலம் படிந்த உடனே, கிருமி உட்காருவது அந்தப் படலத்தின் மேல். பெல்ட்டில் கலந்த பொருள் அதைத் தொடவே முடியாது. அந்தக் காசை ஓரம் மூடிய பெல்ட்டுக்கும் நல்ல ஜாயின்ட்டுக்கும் போடுங்கள். பெல்ட்டின் மேல் புற ஊதா விளக்கு வைக்கும் யோசனை இருந்தால் சப்ளையரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பல பிளாஸ்டிக்குகள் அந்த ஒளியில் வெளுத்து நொறுங்கும்.

ஜாயின்ட் எப்படி இருக்க வேண்டும்?

பெல்ட் எவ்வளவு உயர்ந்த பொருளாக இருந்தாலும் அறுவது ஜாயின்ட்டில்தான். இரு முனைகளையும் விரல் கோத்தது போல வெட்டிச் சூட்டில் உருக்கி இணைப்பது பிவிசி, பியூ இரண்டுக்கும் சிறந்த முறை. சரியாகச் செய்தால் கையால் தடவினாலும் மேடு தெரியாது. உலோகக் கொக்கி ஜாயின்ட் சீக்கிரம் போடலாம், கழற்றிக் கழுவலாம். ஆனால் ஒவ்வொரு கொக்கியும் அழுக்கு தங்கும் குழி, ஒவ்வொன்றும் உணவில் விழக்கூடிய உலோகத் துண்டு. தினமும் கழற்ற வேண்டிய கட்டாயம் இருந்தால் பிளாஸ்டிக் கம்பி கோக்கும் ஜாயின்ட் கேளுங்கள். அவசரத்துக்குப் போட்ட கொக்கியை "தற்காலிகம்" என்று விட்டுவைத்தால் அது அடுத்த தணிக்கை வரை இருக்கும்.

பொருளை மாற்றினால் லைனில் வேறு என்ன மாற வேண்டும்?

உருளையும் அடிப்பட்டையும். மெல்லிய துணி பெல்ட் விரல் தடிமனுள்ள முனையில்கூடத் திரும்பும், துணியில்லாத தடித்த பியூ பெல்ட் திரும்பாது. பெல்ட் ஊர்ந்து போகும் அடிப்பட்டைக்கு வேறு பிளாஸ்டிக் வேண்டும். அசிடால் மேல் அசிடால் ஓடினால் கிறீச்சிடும், இரண்டும் சேர்ந்து தேயும். மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் பட்டை பெரும்பாலான பெல்ட்களுக்கு ஒத்துப்போகும். பெல்ட்டைச் சுரண்டும் தகடு எஃகாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

எப்போது கழற்றிப் போட வேண்டும்?

சமதள பெல்ட்டில் ஓரம் நூல் பிரிவது, மேற்பூச்சு கொப்புளம் விட்டு எழும்புவது, கழுவிய பிறகும் போகாத வாடை, வெட்டுக்காயம் துணிவரை இறங்குவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலே போதும். மாடுலரில் கீல் தேய்ந்து நீளம் கூடுவதை அளக்கலாம். கம்பிக்குக் கம்பி 25.4 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பெல்ட்டில் 40 வரிசை புதிதாக இருக்கும்போது 1,016 மில்லிமீட்டர். அது 1,046ஐத் தொட்டால் 3 சதவீதம் நீண்டிருக்கிறது. பல்சக்கரத்தில் தாவத் தொடங்கும் முன் மாற்றிவிடலாம். பல்சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்த பல்லில் புது பெல்ட் சீக்கிரம் கெடும்.

வாங்கும் முன் நாமே சோதிக்க முடியுமா?

முடியும், ஆய்வகம்கூட வேண்டாம். சப்ளையரிடம் உள்ளங்கை அளவு மாதிரி கேளுங்கள், ஒரு ஓரம் வெட்டிய நிலையில். எடை போட்டு எழுதிவைத்துக்கொண்டு, நீங்கள் பயன்படுத்தும் அதே கழுவு கரைசலில், அதே சூட்டில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். இன்னொரு துண்டை உங்கள் உணவின் கொழுப்பிலோ சாற்றிலோ போடுங்கள். ஊறாத துண்டு ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். வாரம் முடிந்ததும் அலசித் துடைத்து எடை போடுங்கள்: கூடியிருந்தால் உறிஞ்சியிருக்கிறது, குறைந்திருந்தால் ஏதோ கரைந்து வெளியேறியிருக்கிறது. அப்புறம் லைனில் இருக்கும் மிகச் சிறிய உருளையின் மேல் மூன்று துண்டுகளையும் மடக்கி, மடிப்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஊறிய துண்டில் கோடு தெரிந்தால் அடுத்த மாதிரியைக் கேளுங்கள்.